முதலில் உயரமா, நீளமா

இரண்டு கணக்கு மென்பொருள்களில் ஒரே பெயர் வைத்த இரண்டு சூத்திரங்கள். ஒன்று உயரத்தை முதலில் கேட்கிறது, இன்னொன்று நீளத்தை முதலில் கேட்கிறது. இதைச் செய்து வைத்தவர்களை என்னவென்று திட்டுவது?

நான் இரும்புப் படிக்கட்டு செய்யும் பட்டறையில் வரைபடப் பிரிவு. பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு மேசை, ஒரு கணினி, நான், அவ்வளவுதான். படி எவ்வளவு உயரம் ஏறுகிறது, தரையில் எவ்வளவு நீளம் பிடிக்கிறது என்று இரண்டு எண்களைக் கொடுத்தால், படியைத் தாங்கும் சாய்வுச் சட்டம் எவ்வளவு நீளம், அதன் முனையை எத்தனை டிகிரியில் வெட்ட வேண்டும் என்று கணினி தாளில் அடித்துக் கொடுக்கும். அந்தத் தாளை வாங்கிப்போய் மெஷினில் வெட்டுகிறவன் என் தம்பி.

தம்பிக்கு வலது கண்ணில் ஆபரேஷன் நடந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவன் வேலைக்குத் திரும்பிய அதே சமயம் முதலாளியின் மாப்பிள்ளை புதுக் கணக்கு மென்பொருள் ஒன்றைக் கொண்டுவந்தார். பட்டறையில் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான், பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. "பழைய சூத்திரத்தை எல்லாம் அப்படியே இதுல ஏத்திடுங்க, பேரு கூட மாறல" என்றார். ஏற்றினேன். சரிபார்ப்பதற்கு அவரே ஒரு பழைய வேலையை எடுத்தார். பரணுக்கு ஏறும் ஏணி, உயரமும் நீளமும் ஒரே அளவு. விடை நாற்பத்தைந்து என்று பட்டறையில் எல்லோருக்கும் மனப்பாடம். நாற்பத்தைந்து வந்தது. மாப்பிள்ளை கைதட்டினார்.

அடுத்து வந்தது ஒரு மருத்துவமனை மாடிப்படி. கொண்டுபோய் நிறுத்தினால் சட்டத்தின் கீழ்முனை தரையில் உட்காரவே இல்லை, நுனியில் நின்று ஆடியது. நீளத்தை அளந்தார்கள், இம்மி பிசகவில்லை. அதனால் கணக்கு சரி என்று முடிவாகிவிட்டது. வெட்டு மட்டும் முப்பத்தைந்து டிகிரிக்குப் பதில் ஐம்பத்தைந்தில் இருந்தது. தம்பி வாங்கிப்போன தாள் அதற்குள் எண்ணெய் துடைத்துக் குப்பைக்குப் போயிருந்தது.

"முப்பத்தஞ்ச அம்பத்தஞ்சுன்னு படிச்சிருக்கான். மூணு, அஞ்சா தெரிஞ்சிருக்கு. கண்ணு" என்றார் மாப்பிள்ளை. நான் வாயைத் திறப்பதற்குள் தம்பியே தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "என் கண்ணாத்தான் இருக்கும். மன்னிச்சிடுங்க ஐயா." எல்லோர் முன்னாலும் சொன்னான். மெஷினை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு, தம்பியை லாரியில் சரக்கு ஏற்றும் இடத்துக்கு அனுப்பினார் முதலாளி.

அதன் பிறகு தம்பி வண்டி ஓட்டுவதை விட்டான். மகளைப் பள்ளியில் விட நடந்தே போனான். அவன் பெண்டாட்டி என்னிடம் வந்து, "அண்ணி, சாதத்துல கல்லு கிடக்குதான்னு என்னையே பார்க்கச் சொல்றாரு. டாக்டர் நல்லாத்தான் இருக்குன்றாரு, இவர் நம்ப மாட்டேங்குறாரு" என்று அழுதாள்.

அந்தப் படியை மறுபடி செய்வதற்காகத் தாளை நானே திரும்ப அடித்தேன். ஐம்பத்தைந்து என்று வந்தது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஐம்பத்தைந்துதான். உயரத்தையும் நீளத்தையும் இடம் மாற்றிப் போட்டேன். முப்பத்தைந்து! சட்டத்தின் நீளம் மட்டும் இரண்டு தடவையும் மாறவே இல்லை. எப்படி மாறும், எதை முதலில் போட்டாலும் அதற்கு ஒன்றுதான். உயரமும் நீளமும் ஒன்றாயிருந்த பரண் ஏணிக்கும் அதே கதைதான்.

உதவிப் பக்கத்தைத் திறந்தேன். கடைசியில், பொடி எழுத்தில் எழுதியிருந்தார்கள்: இதில் நீளத்தை முதலில் தர வேண்டும், பிற மென்பொருள்களில் வரிசை மாறியிருக்கலாம். தெரிந்தே செய்திருக்கிறார்கள், பாவிகள்! எங்கள் பழைய மென்பொருள் உட்பட உலகம் உயரத்தை முதலில் கேட்பது தெரியும், அதே பெயரைத்தான் வைப்போம், வரிசையை மட்டும் திருப்புவோம். சரி, தங்களுக்குள்ளாவது ஒழுங்காக இருக்கிறார்களா என்று மற்ற பக்கங்களையும் புரட்டினேன். ஒன்று கோணத்தை முதலில் கேட்கிறது, அதன் தங்கச்சி கடைசியில் கேட்கிறது. ஒன்று ஒன்றிலிருந்து எண்ணுகிறது, ஒன்று பூஜ்யத்திலிருந்து. ஒரு வீட்டுக் குழாயில் இடது பக்கம் திருகினால் வெந்நீர், அடுத்த குழாயில் வலது பக்கம் என்று வைத்தால் குழாய்க்காரனை விட்டுவைப்போமா? இவர்களுக்கு மட்டும் விருது கொடுக்கிறார்கள். தூ!

மாப்பிள்ளை முன் இரண்டு தாள்களையும் போட்டேன். பார்த்தார்.

"அதான் எழுதியிருக்காங்களே மேடம்" என்றார்.

"எழுதியிருக்காங்க சார், நீங்களும் படிக்கல, நானும் படிக்கல. என் தம்பிதான் மன்னிப்பு கேட்டான்."

"அவன் ஏன் தானா ஒத்துக்கிட்டான்? நாம யாராவது அடிச்சோமா?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. "அவனை மெஷினுக்குக் கூப்பிடுற வரைக்கும் ஒரு தாளும் அடிக்க மாட்டேன், நீங்களே உக்காந்து அடிச்சுக்குங்க" என்று நாற்காலியைத் தள்ளினேன். சத்தம் கேட்டு முதலாளி வந்தார். தாள்களைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், மாப்பிள்ளையின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "போய்க் கூட்டிட்டு வாம்மா" என்றார்.

ஐம்பத்தைந்து என்று வந்த தாளை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன். தம்பி லாரிக்குப் பக்கத்தில் கம்பிகளைக் கட்டிக்கொண்டிருந்தான். "உன் கண்ணு இல்லடா! அந்தச் சனியன் பிடிச்ச கணினிதான் தப்பா அடிச்சிருக்கு. வா, முதலாளி கூப்பிடுறாரு" என்றேன்.

அவன் எழுந்திருக்கவில்லை.

"எனக்காகப் பொய் சொல்லாத அக்கா. தாள்ல முப்பத்தஞ்சுதான் இருந்துச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நான்தான் அம்பத்தஞ்சா பார்த்தேன்."

"எங்கடா இருந்துச்சு? அடிச்சதே அம்பத்தஞ்சுதான்டா! இந்தா, நீயே பாரு."

தாளை வாங்கினான். தூரத்தில் பிடித்தான், கிட்டத்தில் பிடித்தான். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தான், பிறகு மற்றதை. சட்டம் இம்மி சாய்ந்திருந்தாலும் வாசலில் நின்றே கண்டுபிடித்துவிடும் என் தம்பி, பக்கத்தில் கம்பி தூக்கிக்கொண்டு போனவரை நிறுத்தித் தாளை நீட்டினான்.

"அண்ணே, இது மூணா, அஞ்சா?"

"ரெண்டுமே அஞ்சுதான்பா. ஏன் கேக்குற?"

தம்பி தாளை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு, லாரி ஓட்டுநரிடம் கேட்கப் போனான்.