இரண்டு நீல மீன்கள்

கோட்டை கைமாறியதில் எர்மானோவுக்குப் பெரிய வருத்தமில்லை. ஒழுகும் கூரையோடு மல்லுக்கட்டி அலுத்துப்போயிருந்தார். வாசலுக்கு மேலே சுவரில் வண்ணத்தில் எழுதியிருந்த அவர் குடும்பச் சின்னம்தான் மனதை அறுத்தது. இரண்டு நீல மீன்கள். இத்தாலியில் பார்மா நகருக்கு மேலே அந்த மலையில் கோட்டையை யார் வாங்கினாலும், முந்தினவரின் சின்னத்தை மூடிப் பூசிவிட்டுத் தன்னுடையதை எழுதிக்கொள்வதுதான் வழக்கம்.

வாங்கியவள் லொரெதானா. அதே கோட்டையின் பின்வாசலில் பாலாடைக்கட்டி கொடுத்துவிட்டுப் போனவரின் மகள். பத்திரம் முடிந்ததிலிருந்து அவளை 'நீங்க' என்று கூப்பிட எர்மானோ படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார்.

கொத்தனார் சாரத்தில் ஏறியதும் வாய்விட்டுக் கேட்டேவிட்டார்.

"மீனை மட்டும் விட்டுடுங்க. எங்க பரம்பரை அடையாளம்."

"வீட்டைக் குடுத்துட்டு வாசலை வெச்சுக்கறேங்கறீங்களே, சின்னப் பிரபு. பரம்பரையா? உங்க கொள்ளுத்தாத்தா ஏலத்துல எடுத்ததுன்னு எங்கப்பா சொல்வாரு."

உண்மைதான். பிஷப் ஒருவர் கட்டி, தளபதி பிடுங்கி, கம்பளி வியாபாரி வாங்கி, பட்டாளம் குதிரை கட்டிய இடம். ஆனால் ஏலம் எடுத்த நாளில்தான் உலகமே தொடங்கியது போல எர்மானோவின் வீட்டில் பேசுவார்கள்.

அவர் முகத்தைப் பார்த்து லொரெதானா இளகிவிட்டாள். "சரி, மீன் இருக்கட்டும். உப்பின ஓரத்தை மட்டும் தட்டி எடுங்க."

கொத்தனார் தட்டினார். ஒரு மீன் பூச்சோடு பெயர்ந்து விழுந்தது. அடியில் ஒரு கறுப்புக் கரடி நின்றது, உடம்பெல்லாம் குழி குழியாக.

"என்னது, அம்மை போட்ட மாதிரி?" என்றாள் லொரெதானா.

"பழைய சுவரை உளியால கொத்திவிட்டாத்தான் புதுப் பூச்சு பிடிக்கும்மா. முகத்துலதான் ஜாஸ்தி கொத்தியிருக்காங்க."

எர்மானோ சாரத்தில் ஏறினார். கரடியின் கண் இருந்த குழியில் விரலை வைத்தார். இந்தக் கரடிக்காரனும் அன்று வாசலில் நின்று கெஞ்சியிருப்பான். கொள்ளுத்தாத்தா அவனுக்கு என்ன பதில் சொன்னார் என்று விரலுக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

"போனது ஒண்ணுதானே, இன்னொரு மீன் இருக்குல்ல," என்று கீழேயிருந்து தேற்றினாள்.

"மீன் இருந்த இடத்துல என்ன எழுதப்போறே?" என்றார்.

"எங்கப்பாவோட மாடு."

அவர் கொத்தனாரிடம் உளியையும் சுத்தியலையும் வாங்கிக்கொண்டார்.

"தள்ளி நில்லு லொரெதானா, தூசி விழும். உன் மாடு பிடிச்சு நிக்கணும்னா நல்லாக் கொத்தணும்."

மிச்சமிருந்த மீனின் முகத்தைத் தொடாமல் வாலிலிருந்து ஆரம்பித்தார்.