தரைக்கு ஒரு சாண் மேலே

ஆழத்தான் தன் மக்களைக் கடலின் அடிமண்ணைப் பிசைந்து செய்தான். அவசர வேலை. சிலருக்குக் காது சின்னதாகப் போயிற்று, ஒருவருக்கு மூக்கு வைக்கவே மறந்துவிட்டான். யாரும் குறை சொல்லவில்லை. கடலுக்கடியில் மூக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எல்லாரும் அவனை அப்பா என்றே கூப்பிட்டார்கள்.

அவனுக்கு ஒரே ஒரு சட்டம்தான். அந்த மண்ணில் உயிரோடு கால் பட்டவர் யாரானாலும் அவன் பிள்ளை. மேலே கப்பல் கவிழ்ந்து விழுகிறவர்களுக்கும் இதுதான். கால் பட்டதும் கழுத்தில் செவுள் திறந்துவிடும். ஆனால் மூச்சு முட்டுகிறவன் மேலே போகத்தான் உதைப்பான், பாதி வழியில் செத்தும் போவான். அவனுக்கு வெளிச்சம் காட்டிக் கீழே இறக்க ஒரு ஆள் வேண்டும். அது விளக்குக்காரியின் வேலை. சிப்பிக் கிண்ணத்தில் ஒளிவிடும் ஜெல்லிமீன்தான் விளக்கு. அதற்குத் தீனி போட்டு வளர்ப்பதும், தெருவிளக்குகளைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான்.

பக்கத்து வீட்டுச் சமையல்காரர் அப்படி அவள் இறக்கிவிட்ட ஆள். "எல்லாம் சௌகரியம்தான்மா, ஒரு துணியக் காயப்போட முடியலையே" என்று இன்னும் புலம்புவார்.

ஒரு காலையில் மணல் அள்ளும் கப்பல் வந்தது. அது இறக்கிய குழாய் ஒரு வீட்டையே விழுங்கும் அகலம். பள்ளிக்கூடத் தெருவை அப்படியே உறிஞ்சி எடுத்தது. விளக்குக்காரியின் மகள் அந்தத் தெருவில் இருந்தாள்.

விளக்குக்காரி குழாயின் வெளிப்பக்கத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டே மேலே ஏறினாள். கப்பலின் விளிம்பில் தொங்கியபடி பார்த்தாள். மணல் கொட்டும் சல்லடையில் பிள்ளை கிடந்தாள். கை அசைந்தது.

கேப்டன் குனிந்து பார்த்தான். ரப்பர் குழாயோடு நின்ற ஆள், "சார், உசுரு இருக்கு சார். கொழந்த மாதிரி இருக்கு" என்றான்.

"மாதிரிதானே? தண்ணிய அடிச்சுத் தள்ளு. பம்ப நிறுத்தினா உங்கப்பனா வந்து மணல் அள்ளுவான்?"

தண்ணீர் அடித்துத் தள்ளினார்கள். கடலில் விழுந்த பிள்ளையை வாரிக்கொண்டு அவள் கீழே பாய்ந்தாள். பாதி வழியிலேயே பிள்ளையின் நெஞ்சு நின்றுவிட்டது. அந்தச் சின்னப் பாதங்களைத் தரையில் வைத்தாள். எடுத்து மறுபடி வைத்தாள். அழுத்தி வைத்தாள். உயிர் போன பிறகு மண் ஒன்றும் செய்யாது. அது அவளுக்குத் தெரியாததா என்ன?

ஆழத்தான் பட்டறையில் இருந்தான். முழங்கை வரை சேறு.

"அந்தக் கப்பலக் கவுத்துடறேன்" என்றான், அவள் வாய் திறக்குமுன்னே. "இன்னிக்கே."

"அந்தக் கேப்டன் என்ன ஆவான்?"

"உசுரோட தரைக்கு வந்தா அவனும் என் புள்ளதான்."

"எங்க தெருவுலயே குடி வைப்பீங்களா?"

அவன் கையிலிருந்த மண்ணை உருட்டிக்கொண்டிருந்தான். "ஆளப் பாத்துச் செஞ்சா அது சட்டம் இல்லம்மா. கோவம்."

"எனக்கு அதுதான்ப்பா வேணும்."

"வெளக்க எடுத்துக்கிட்டுப் போ. ஒருத்தரையும் விடாம கொண்டு வா."

அவள் வீட்டுக்கு வந்து விளக்கை எடுத்தாள். நாத்தனார் வாசலை மறித்தாள். அழுது அழுது அவள் குரல் கட்டியிருந்தது.

"போறீங்களா அண்ணி? போய்க் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வாங்க. விருந்தாளிக்கு நான் பாய் விரிச்சு வைக்கிறேன்."

"வழிய விடு."

"கொஞ்சம்கூட ரோஷம் இல்லையா உங்களுக்கு?"

"வழிய விடுன்னு சொன்னேன்."

ஆழத்தான் கையை ஓங்கினான். சாப்பாட்டுத் தட்டு கவிழ்வது போலக் கப்பல் கவிழ்ந்தது. ஆட்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். விளக்குக்காரி ஒவ்வொருவன் முகத்துக்கு நேராகவும் வெளிச்சத்தைக் காட்டி, திருப்பி, கீழே இறக்கினாள். ரப்பர் குழாய்க்காரன் வந்தபோது அவள் கை ஒரு கணம் நின்றது. உயிர் இருக்கிறது என்று சொன்னவன் அவன். தண்ணீர் அடித்தவனும் அவன். இவனைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம் என்று அவனையும் இறக்கிவிட்டாள்.

கடைசியாகக் கேப்டன் வந்தான்.

மேலே போக உதைத்துக்கொண்டிருந்தான். வெளிச்சத்தைப் பார்த்ததும் திரும்பினான். கீழே அவனுடைய ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள், கழுத்தைத் தடவிப் பார்த்தபடி, உயிரோடு. சமையல்காரர் இரண்டு கையையும் வீசினார். "கீழ வாங்க சார்! கால வைங்க, அவ்வளவுதான்!"

கேப்டன் கெட்டிக்காரன். சட்டென்று புரிந்துகொண்டு கீழ்நோக்கிப் பாய்ந்தான். அவள் அவனுக்குத் துணையாகவே இறங்கினாள். தரை நெருங்கியதும் அவன் காலைக் கீழே நீட்டினான். அப்போது அவள் விளக்கை விட்டுவிட்டு, பின்னாலிருந்து அவன் அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கிப் பிடித்தாள்.

அவன் கட்டைவிரலுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண்.

அவன் உதறினான். பூட்ஸைக் கழற்றியிருந்த கால்கள் மண்ணைத் தேடித் துழாவின.

"ஏம்மா, இன்னும் கொஞ்சம்தான், விடும்மா!" என்றார் சமையல்காரர். அவள் எங்கோ சிக்கிக்கொண்டாள் என்று நினைத்துவிட்டார் மனுஷன்.

"கெட்டியாப் புடிங்க அண்ணி!" என்று நாத்தனார் கத்தினாள். அதற்குப் பிறகுதான் சமையல்காரருக்கு விளங்கியது. வாயை மூடிக்கொண்டார்.

ஆழத்தான் வந்து நின்றான். "விடு."

"விடறேன்ப்பா. கொஞ்சம் பொறுங்க."

அவன் குனிந்து தரையில் கை வைத்தான். அவன் நினைத்தால் மலையை எழுப்புவான். இங்கே ஒரு சாண் மண் எழும்பினால் போதும். எல்லாருக்கும் அது தெரியும். கேப்டனுக்கும் தெரிந்திருக்க வேண்டும், அந்தக் கையையே பார்த்தான்.

"தூக்குங்க" என்றாள் அவள். "தூக்கி அவனக் காப்பாத்துங்க. என் புள்ள படுத்த எடம் காலியாத்தான் இருக்கு, அங்கயே படுக்க வைங்க."

ஆழத்தானின் விரல்கள் மண்ணுக்குள் இறங்கின. தரை லேசாக நடுங்கியது. எழும்பவில்லை.

கேப்டனின் நெஞ்சு அவள் மணிக்கட்டின் மேல் அடித்துக்கொண்டது. வேகமாக அடித்தது. பிறகு விட்டுவிட்டு அடித்தது. அது நின்ற பிறகும் அவள் அவசரப்படவில்லை. நன்றாகக் காத்திருந்துவிட்டு, தூங்கும் பிள்ளையைக் கிடத்துவது போல மெதுவாக அவனைத் தரையில் விட்டாள். கழுத்தில் எதுவும் திறக்கவில்லை.

"இனிமே வெளக்கு ஒன் கையில வேணாம்" என்றான் ஆழத்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "சட்டத்த மீறிட்ட."

"எங்கப்பா மீறினேன்? உசுரோட தரைக்கு வந்தாத்தானே உங்க புள்ள? இவன் வரலையே."

ஆழத்தானின் கை இன்னும் மண்ணுக்குள்ளேயே இருந்தது.

"நீங்களும் தூக்கலையே" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

ஆழத்தான் மண்ணிலிருந்து கையை எடுத்தான். பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். யாரும் அதைத் தட்டவில்லை.

அவள் தெருவோடு நடந்து வீட்டுக்குப் போனாள். ரப்பர் குழாய்க்காரன் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டான். நாத்தனார் எதுவும் கேட்காமல் தட்டை வைத்தாள். விளக்குக்காரி உட்கார்ந்து சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி, அதையும் சாப்பிட்டாள்.