ஒரு சொல் தப்பாமல்

ஜனீன் வலி மருந்துக் குழலை உதட்டருகே கொண்டுபோனதும் நோர்மான் கையை உயர்த்தித் தடுத்தான்.

"இரு அக்கா. இன்னும் முடியல."

"வலிக்குதுல்லடா?"

"வலிக்குது. மருந்து போட்டா புத்தி மங்கிடும். அதுக்குள்ள ஒரு தடவையாவது சரியா சொல்லிடணும்."

ஜனீன் குழலை இறக்கிக்கொண்டாள். காலையிலிருந்து தம்பி, பாவத்துக்கு மன்னிப்புக் கேட்கும் உத்தம மனஸ்தாப மந்திரத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு சொல் தடுக்கும். சொல் சரியாக வந்தால், மனதில் ஏதாவது கெட்ட நினைப்பு ஓடிவிடும். உடனே முதலிலிருந்து. நுரையீரல் புற்று முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. மந்திரத்துக்கும் மந்திரத்துக்கும் நடுவே போர்வையைக் கடித்துக்கொண்டான்.

சின்ன வயதில் பிடித்த பயம் இது. லூயிஸ்டன் துணி ஆலையில் அப்பா இயந்திரத்தில் சிக்கிச் செத்த அன்று, அம்மா அடுப்படியில் நின்று ஏழு வயது நோர்மானைப் பார்த்து, "நேத்து நீ ஜெபத்துக்கு நடுவுல தூங்கிட்டல்ல?" என்றாள். ஒரே ஒரு தடவை. அழுகையில் வந்த பேச்சு. பிறகு அம்மாவுக்கே அது நினைவில் இல்லை.

அதன்பின் நோர்மான் எதையும் பாதியில் விட்டதில்லை. வாசல் தாண்டச் சிலுவை போடுவான். சரியாக விழவில்லை என்று திரும்பி வந்து மறுபடி போடுவான். பஸ் பணிமனையில் கூட வேலை செய்தவர்கள் கிண்டல் செய்தார்கள். கல்யாணம் பேசியிருந்த பெண் கோயில் வாசலில் வெகுநேரம் காத்திருந்துவிட்டு ஒருநாள் போயே போய்விட்டாள். சொன்ன பாவத்தையே திரும்பத் திரும்ப வந்து சொன்னதில், பாவசங்கீர்த்தனம் கேட்ட சாமியாரே, "போதும் நோர்மான், வீட்டுக்குப் போப்பா" என்று கெஞ்சினார்.

ஐம்பது தாண்டிய பிறகுதான் ஒரு டாக்டரம்மா இதை நோய் என்று சொன்னாள். பாதியில் விடப் பழக்கினாள். பயம் வரும், வரட்டும், தானே இறங்கும் என்றாள். போன வசந்தத்தில் ஒரு காலை ஜனீனுக்குப் போன் வந்தது.

"அக்கா, கார்ல இருக்கேன். ஒரே தடவைதான் சிலுவை போட்டேன். வந்துட்டேன்."

சிரிக்கிறானா அழுகிறானா என்று அவளுக்குப் புரியவில்லை.

இலையுதிர் காலத்தில் இருமலில் ரத்தம் வந்தது. "பாத்தியா?" என்று மட்டும் கேட்டான். மந்திரங்கள் திரும்பி வந்தன. இப்போது ஜனீன் குழலைக் கையில் வைத்தபடியே கேட்டாள்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க, நோர்மான்?"

"அது உசிரோட இருக்கிறவனுக்குக்கா. செத்தப்புறம் தப்ப யாரு திருத்துறது?"

வெளியே பனி அள்ளும் வண்டி தெருவைச் சுரண்டிக்கொண்டு போனது. ஜனீன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"சரி. தப்பா சொன்னா அந்தப் பாவம் எனக்கு. சாமிய என் தலைல போடச் சொல்லு."

"உன் தலைல இடம் ஏதுக்கா?"

"ஆமா, புருஷன விட்டவ, பூசைக்கு மட்டம் போடுறவ. அதோட இதுவும் கிடக்கட்டும்."

சிரிக்கப்போய் இருமினான். இருமல் அடங்கியதும் அவள் முகத்தையே பார்த்தான்.

"நெசமாவா?"

"நெசமாடா."

வாயைத் திறந்தான். நாக்குக்கு அடியில் சொட்டு விட்டாள். அவன் மந்திரத்தை மறுபடி தொடங்கினான். சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன, இடைவெளி நீண்டுகொண்டே போனது. அவள் கையைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. அடுத்த சொல்லுக்காக ஜனீன் காத்திருந்தாள். அது வரவில்லை. அவன் நெற்றிச் சுருக்கம் மெல்ல விரிந்தது. சுருக்கம் இல்லாத அந்த நெற்றியை அவள் பார்த்ததே இல்லை.

வெளிச்சம் மங்குமுன் மூச்சும் நின்றது.

மண் உறைந்து கிடந்ததால் அடக்கம் மே மாதத்தில்தான். அதுவரைக்குமாகச் சவப்பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துக் கல் அறையில் வைத்துவிட்டு எல்லாரும் கோயில் கூடத்துக்கு வந்தார்கள். அம்மாவின் தங்கை அல்தேயா ஜனீனின் சட்டைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"கடைசி மந்திரத்த முடிச்சானாடி பிள்ள?"

"முடிச்சான் சித்தி."

"முழுசாவா?"

"ஒரு சொல் தப்பாம."

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேசையிலிருந்து ஒரு ஹாம் சாண்ட்விச்சை எடுத்து அவள் கையில் வைத்து, "சாப்பிடு, வெறும் வயித்தோட நிக்கிற" என்றாள்.

ஜனீன் சுவரோரம் நின்று தின்றாள். யாரோ காபி கொண்டுவந்து நீட்டினார்கள். ஒரு மடக்கு குடித்துவிட்டு, மிச்சத்தையும் தின்றாள்.