பின்பக்கம் யாருமில்லை

டெல்மர் கழற்றிய பம்பரைப் பழைய போர்வையின்மேல் குப்புறப் போட்டு, உட்பக்கத்தை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தான். பம்பர் தொழிற்சாலையில் செய்துவந்த வேலைதான். அதை மூடி ஒரு குளிர்காலம் போய்விட்டது. கை மட்டும் இன்னும் அதே வட்டத்தில் சுற்றியது. துடைத்த இடத்தில், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, அலுமினிய நாடாவை ஒட்டினான்.

"திங்கட்கிழமைக்குள்ள ஆயிடுமா?" என்றாள் மனைவி வெர்னா.

"உன் முதலாளிகிட்டக் கேளு. அவசரம் அவனுக்குத்தானே."

டொலீடோ நகரில் உதிரிபாகக் கிடங்கு ஒன்றுக்கு அவள் சொந்தக் காரில் சரக்கு எடுத்துப்போகிறாள். வீட்டில் இப்போது வருவது அந்தக் கூலி ஒன்றுதான். இனி ரிவர்ஸில் வரும்போது பின்னால் ஆள் இருந்தால் எச்சரிக்கிற கருவி எல்லாக் கார்களிலும் இருக்க வேண்டும், அவரவர் செலவில். அதைத்தான் டெல்மர் வீட்டிலேயே செய்துகொண்டிருந்தான். சோதித்துப் பார்த்துக் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் வில்லை ஒட்டுவார்கள். வில்லை இல்லாதவர்களுக்குத் திங்கள் முதல் சரக்கு கிடையாது.

கிடங்கில் ஆஸ்கர் இருந்தவரை கருவி தேவைப்படவில்லை. சரக்கு மேடைகளுக்கு முன்னால் நின்று கார்களைப் பின்னால் வரவழைப்பது அவன் வேலை. போதும் என்றால் டிக்கியில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவான். சரக்கு இறக்கும் வேலையையும் அவன் தலையிலேயே கட்டினார்கள். ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிமிரும்போது, ரிவர்ஸில் வந்த வேன் அவனை மூன்றாம் மேடையின் சுவரோடு வைத்து நசுக்கிக் கொன்றுவிட்டது. நிற்கக்கூடாத இடத்தில் நின்றான் என்று அறிக்கையில் எழுதினார்கள். அவன் இடத்துக்கு யாரும் வரவில்லை.

பம்பரை மாட்டிப் பார்த்தபோது கருவி ஓயாமல் அலறியது. டெல்மர் மறுபடி கழற்றிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

"உள்ள இருக்கிற இரும்புச் சட்டத்தோட நாடாவை ஒட்ட அழுத்தி விட்டுட்டேன். தொழிற்சாலையில எதுவும் ஆடக்கூடாதுன்னு அப்படித்தான் அழுத்துவோம். பாழாப்போன பழக்கம்."

நடுவில் பஞ்சுப்பட்டை வைத்து மாட்டினான். வெர்னா ரிவர்ஸ் கியர் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டாள். அவன் பின்னாலிருந்து நடந்து வந்தான். பீப் என்ற ஒலி எழுந்து, நெருங்க நெருங்க ஒரே இழுப்பாக நீண்டது. நின்றான். ஒலியும் நின்றது.

"கண்ணாலயா பாக்குது?"

"பாக்காது. நாடாவைச் சுத்தி ஒரு மின்புலம் இருக்கும். உடம்பு கிட்ட வந்தா அது கலையும், கத்தும். நீயும் நின்னு, அதுவும் நின்னா வாயே திறக்காது."

திங்கள் காலை அவனும் ஒரு திருப்புளியுடன் கூடவே வந்தான். கிடங்கு முற்றத்தில் உப்பும் சேறும் கலந்த பனி குழைந்து கிடந்தது. வரிசையில் காரோடு நின்ற ஒருவன் கண்ணாடியை இறக்கினான்.

"என்ன வெர்னா, புருஷனைப் பின்னாடி கட்டி வச்சிருக்கியா? கத்துறது அவர்தானா?"

"உன் பொண்டாட்டி கத்துறதவிட இது கம்மிதான்."

முதல் மேடையில் கருவி ஒழுங்காக ஒலித்தது. இரண்டாவதிலும் அப்படியே. மேற்பார்வையாளன் கீகன் தலையை ஆட்டி, மூன்றாவதுக்குக் கை காட்டினான்.

பாதி தூரத்திலேயே வெர்னா காரை நிறுத்தினாள். கருவி நிற்கவில்லை. பீப் பீப். கொஞ்சம் இடைவெளி. பீப் பீப்.

"நான் செஞ்சது இப்படிக் கத்தாது," என்றான் டெல்மர். "ஒரே இழுப்புதான்."

அவன் இறங்கிப் பின்னால் போனான். சுவர் நன்றாகத் தள்ளி இருந்தது. இடுப்பு உயரத்துக்குப் புதிதாக மஞ்சள் வர்ணம் அடித்திருந்தார்கள். மின்புலத்தைக் கலைக்கப் பம்பரிலிருந்து தண்ணீரும் சொட்டவில்லை. குனிந்து தரையைப் பார்த்தான். காருக்கு முன்னால் சேற்றில் சக்கரத் தடம் மட்டும் இருந்தது, பின்னால் சிமெண்ட் காய்ந்து கிடந்தது. திரும்பி வந்து கதவோரம் நின்றான்.

"பூமிக்குள்ள பழைய இரும்பு ஏதாவது இருக்கும்," என்றாள் வெர்னா, மெதுவாக.

"இருக்கட்டும். கார் நிக்குது. இரும்பு நடக்காது வெர்னா."

பீப் பீப்.

காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்த கீகனின் பார்வை டிக்கிமேல் போய் நின்றது. கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினான்.

"வீட்டுல செஞ்சதுன்னா இப்படித்தான். அந்த ஒயரைப் பிடுங்கிடு. சத்தம் வேண்டாம்."

"அப்ப வில்லை?"

"ஒட்டித் தரேன். கருவின்னு ஒண்ணு இருக்குல்ல? காகிதத்துல அவ்வளவுதான் கேக்குறாங்க."

"பின்னாடி ஏதோ இருக்குன்னு சொல்லுது, பாஸ்."

"பின்னாடி ஒண்ணும் இல்ல. உனக்கு இன்னைக்குச் சரக்கு வேணுமா, வேண்டாமா?"

வெர்னா டெல்மரைப் பார்த்தாள். அவன் டிக்கியைத் திறந்து ஒயரை இழுத்தான். முற்றம் அமைதியானது. கீகன் வில்லையை ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி மூலையில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்தான். அவன் அலுவலகக் கதவு மூன்றாம் மேடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. காருக்கும் சுவருக்கும் நடுவே காய்ந்த சிமெண்ட்டில் நேராக நடந்தால் நாலெட்டு. அவன் அந்த வழியைப் பார்த்தான். பிறகு காரின் முன்பக்கமாகச் சுற்றி, வேலியோரக் குழியில் இறங்கி, கணுக்கால் புதையச் சேற்றுப்பனியில் நடந்து அந்தப் பக்கம் ஏறினான்.

அலுவலகக் கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையால் அவளைப் பின்னால் வரச்சொன்னான்.

"வா, வா. நிறைய இடம் இருக்கு."