தோல்காரன் பேரன்

மாயாண்டி ஓட்டலின் பின்பக்கக் கிடங்கில் மாவு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது மீராசா ஓடிவந்தான்.

"மாப்ளே, மூட்டையப் போட்டுட்டு வா. மேனேஜர் கூப்பிடுறாரு. இனிமே நீதான் பேரன்."

"யாரு பேரன்?"

"யாருக்கும் பேரனில்லடா. இங்கிலீஷ்ல பேரன்னா பிரபு. நம்ம ஊரு ஜமீன்தார் மாதிரி."

பர் துபாயில், க்ரீக் என்னும் உப்பங்கழி ஓரத்தில் இருந்தது அந்த ஓட்டல். அதன் தரைத்தளத்தில் பழைய இங்கிலாந்துக் கோட்டை மாதிரி ஒரு சாப்பாட்டுக் கூடம் கட்டியிருந்தார்கள். பிளாஸ்டர் பூசிய கல்சுவர், தீப்பந்தம் போல எரியும் மின்விளக்கு, நீளமான மரமேசைகள். வெள்ளிக்கிழமை மதியம் அங்கே விருந்தும் நாடகமும் நடக்கும். வால்டர் என்ற பிரபுவின் கதை. அந்த வேஷம் கட்டிய வெள்ளைக்காரன் வேலையை விட்டுப் போய்விட்டான். வேறு ஆள் வேண்டும். உடம்பு முழுக்கக் கவசம், முகத்துக்கு மூடிபோட்ட இரும்புத்தொப்பி. நிறம் தெரியாது, வசனமும் கிடையாது. கதை முழுவதும் ஒலிபெருக்கியில் வரும். உயரம் மட்டும் இருந்தால் போதும். கிடங்கில் வேலை செய்தவர்களில் மாயாண்டிதான் உயரம்.

மேனேஜர் கிரஹாம் இங்கிலாந்துக்காரர். அந்த வால்டரின் கோட்டை இடிந்து கிடக்கிற ஊரில் பிறந்தவர். சின்ன வயதில் கேட்ட கதையைத் தானே நாடகமாக எழுதி, தன் குரலிலேயே பதிவு செய்திருந்தார். கவசத்தை மாட்டிப் பார்க்கச் சொன்னார். மெல்லிய அலுமினியம்தான் என்றாலும் உள்ளே பஞ்சு வைத்திருந்ததால் ஏசியிலும் வேர்த்துக் கொட்டியது. கிரஹாம் சுற்றிவந்து பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார்.

கதை தெரியாமல் எப்படி நடிப்பது? அன்று சாயங்காலம் கவசத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே மாயாண்டி மீராசாவைச் சொல்லச் சொன்னான். மீராசா ராமநாதபுரம் பக்கத்துக்காரன். அந்தக் கூடத்திலேயே பரிமாறுபவன், இங்கிலீஷ் நன்றாக வரும்.

"இந்த வால்டரோட அப்பா வழித் தாத்தா, இங்கிலாந்தப் பிடிச்ச ராசாவோட கப்பல்ல வந்து எறங்குன ஆளு. பெரிய வம்சம். அம்மா வழிதான் சிக்கல்."

"என்ன சிக்கல்?"

"அம்மாவப் பெத்தவன் தோல் பதப்படுத்துறவன். ஆத்துல தோல் அலசிக்கிட்டிருந்த பொண்ணப் பார்த்து இவங்கப்பன் ஆசைப்பட்டு, சர்ச்சுல வச்சுக் கல்யாணம் பண்ணிக்கிட்டான். அதுக்குப் பெறந்தவன் இவன்."

மாயாண்டியின் கை நின்றுவிட்டது. "தோலா? நெசமாவா பாய்?"

"நாடகத்துல அப்படித்தான் வருது."

மாயாண்டிக்கு ஊர் திண்டுக்கல் பக்கம். அவனுடைய அப்பா சடையன் தோல்ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றே காலம் கழித்தவர். சுண்ணாம்பும் ஆவாரம்பட்டைச் சாறும் அரித்து அவர் பாதத்தில் நகமே இல்லை. பள்ளிக்கூடத்தில் மாயாண்டி உட்கார்ந்த பெஞ்சில் வேறு பையன்கள் உட்காரமாட்டார்கள்.

"அப்புறம்?" என்றான்.

"ராச சபையில இவன் உள்ள வந்தாலே எர்ல் ஒருத்தன் மூக்கப் பொத்துவான். எர்ல்னா பேரனுக்கு மேல. ஒருநா வால்டர் அவன் கையத் தட்டிவிட்டுட்டான். ராசா, 'முட்டி போட்டு அவன்கிட்ட மன்னிப்புக் கேளு'ங்கிறாரு. இவன், 'சாமிக்குப் போடுவேன், உங்களுக்குப் போடுவேன், இவனுக்குப் போடமாட்டேன்'னுட்டான். கோட்டையப் பிடுங்கி நாட்ட விட்டே தொரத்திட்டாங்க. கடல் தாண்டிப் போயி யார் யார் சண்டையோ போட்டுப் பொழச்சான். அந்த ராசா செத்து, புது ராசா வந்து கூப்பிட்டுக் கோட்டையத் திருப்பிக் குடுத்தாரு. திரும்பி வரும்போது கேடயத்துல ஒரு மாட்டுத்தோல வரைஞ்சு எடுத்துட்டு வந்தானாம்."

அதன் பிறகு மாயாண்டி நடித்த விதமே வேறு. மூக்கைப் பொத்தும் காட்சியில் எர்ல் வேஷக்காரனின் கையை அவன் தட்டிவிடும்போது மேசைகளில் கைதட்டல் எழும். முட்டி போட மறுத்துத் தலையசைக்கும் இடத்தில் குழந்தைகள் கத்துவார்கள். கிரஹாம் மகிழ்ந்துபோனார்.

ஒன்று மட்டும் அவனுக்கு உறுத்தியது. நாடகம் முடிந்ததும், யாருக்காவது பிறந்தநாள் என்றால் பிரபு அந்த மேசைக்குப் போக வேண்டும். பிறந்தநாள்காரர் முன்னால் முட்டி போட்டு வாளை நீட்ட வேண்டும். போட்டோ எடுப்பார்கள்.

"முட்டி போடமாட்டேன்னு சொன்னவன ஏன் பாய் போடச் சொல்றாரு?"

"அது கதை, இது வியாபாரம். விடு மாப்ளே."

பெரும்பாலும் குழந்தைகள்தான். தொப்பியைத் தொட்டுப் பார்ப்பார்கள், வாளைத் தூக்க முடியாமல் சிரிப்பார்கள். மாயாண்டியும் விட்டுவிட்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை, நடுமேசையில் ஒரு தமிழ்க் குடும்பம் உட்கார்ந்திருந்தது. சவுதியின் அல் கோபாரில் எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியரான விஜயபாஸ்கர், விடுமுறைக்குத் துபாய் வந்திருந்தான். கூட மனைவி பத்மா, பத்து வயது மகள் சம்யுக்தா, ஊரிலிருந்து வரவழைத்திருந்த அப்பா. அன்று அப்பாவுக்கு எழுபதாவது பிறந்தநாள். அவர்களுக்குப் பரிமாறியவன் மீராசாதான்.

நாடகம் ஓடும்போதே பெரியவர் பேத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தது மீராசாவின் காதில் விழுந்தது. "பாத்தியா பாப்பா, கோட்டை, வாளு, வம்சம். நம்மளும் இந்த மாதிரிதான். எங்க பாட்டனாருக்குக் குதிரை இருந்துச்சு. நம்ம தெருவுல கண்டவனும் கால் வைக்க முடியாது." சம்யுக்தாவுக்குத் தமிழ் பாதிதான் புரியும். தலையாட்டிக்கொண்டாள்.

நாடகம் முடிந்தது. கிரஹாம் மைக்கில் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார். இசை எழுந்தது. மாயாண்டி வாளைப் பிடித்துக்கொண்டு நடுமேசைக்கு நடந்தான். இரும்புத்தொப்பியின் கண்துளை சின்னது. அருகில் போகும்வரை யார் என்று தெரியவில்லை. தெரிந்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

அவன் ஊர் மேலத்தெரு முத்துராமன். நரைத்த மீசை, அதே கழுத்துச் செயின்.

சடையன் செத்தது ஐப்பசி மாதம். தோல்காரர்கள் வழக்கமாகப் பிணம் கொண்டுபோகும் ஓடையில் வெள்ளம். சுடுகாட்டுக்குப் போக மேலத்தெரு வழியே பாதை உண்டு. ஆனால் தோல்காரர்களின் பிணம் அந்தத் தெருவில் போனதில்லை. பாடையோடு போய்த் தெருமுனையில் நின்றார்கள். முத்துராமன் நடுத்தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இந்த ஒருதடவை மட்டும் வழி விடுங்கள் என்று மாயாண்டி அவர் காலில் விழுந்தான். சேற்றில் நெற்றி படக் கிடந்தான். அவர் காலை இழுத்துக்கொண்டு, "ஓடை எதுக்குடா இருக்கு?" என்றார். இடுப்பளவு வெள்ளத்தில் பாடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போனார்கள். நடு ஓடையில் ஒருவன் வழுக்கி விழ, சடையனின் உடம்பு பாதி நனைந்தது.

இசை முடிந்து மறுபடி தொடங்கியது. மாயாண்டி நின்றுகொண்டே இருந்தான்.

"பிரபு வெட்கப்படுகிறார் போல" என்று கிரஹாம் மைக்கில் சிரித்தார். விஜயபாஸ்கர் கேமராவை இறக்கிவிட்டு, "என்னப்பா இவன், முட்டி போடமாட்டேங்கிறான்?" என்றான்.

மாயாண்டி முகமூடியைத் தூக்கினான்.

பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "டேய்... சடையன் மவன்தானடா நீ?"

"ஆமா. சடையன் மகன்தான்." அய்யா என்ற சொல் வாயில் வரவில்லை. வராததை அவனே கவனித்தான்.

"வேஷம் கட்டிக்கிட்டா பெரிய ஆளாயிருவியோ? போடுறா முட்டி. எல்லாரும் பாக்குறாங்கள்ல."

"போடமாட்டேன்."

"ஏன்டா?"

"ஒருதடவ விழுந்துட்டேன். எங்கப்பன் பாடைக்கு வழி கேட்டு விழுந்தேன். நீங்க விடல. இனி உங்க முன்னாடி என் முட்டி மடங்காது."

பத்மா தலையைக் குனிந்துகொண்டாள். விஜயபாஸ்கர் எழுந்து கிரஹாமை நோக்கிக் கையை உயர்த்தினான். கிரஹாம் வேகமாக வந்தார். இந்த ஆள் தன் அப்பாவை அவமானப்படுத்திவிட்டான் என்று விஜயபாஸ்கர் இங்கிலீஷில் பொரிந்தான். கிரஹாமுக்கு ஒன்றும் புரியவில்லை. மீராசா பக்கம் திரும்பி, "அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டார்.

மீராசா கையில் தட்டோடு நின்றிருந்தான். தவறான புரிதல் சார் என்று சொல்லிவிடலாம். அவனுக்கும் வேலை முக்கியம். ஊரில் தங்கை கல்யாணத்துக்கு நிற்கிறாள். மாயாண்டி அவனைப் பார்க்கவே இல்லை, நேராக நின்றிருந்தான். மீராசா தட்டை மேசையில் வைத்தான்.

தெளிவான இங்கிலீஷில், அந்த மேசைக்கே கேட்கும்படி சொன்னான். "சார், இவனுடைய அப்பா இறந்தபோது உடலைத் தெரு வழியாகக் கொண்டுபோக இந்தப் பெரியவர் விடவில்லை. இவன் காலில் விழுந்து கேட்டும் விடவில்லை. வெள்ளத்தில் தூக்கிப் போனார்கள். அதனால் இவர் முன் முட்டி போடமாட்டேன் என்கிறான்."

அதுவரை ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்த சம்யுக்தாவுக்கு இப்போது எல்லாம் புரிந்தது. அவள் பெரியவர் பக்கம் திரும்பினாள்.

"தாத்தா, நிஜமாவா?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

முத்துராமன் தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். "ஒய், தாத்தா?" என்று அவள் மறுபடி கேட்டாள். விஜயபாஸ்கர் அவள் கையைப் பிடித்து எழுப்பினான். கேக் வெட்டாமலேயே போய்விட்டார்கள்.

அலுவலக அறையில் கிரஹாம் முகம் சிவந்திருந்தார். விருந்தாளி ஓட்டல் முதலாளி வரைக்கும் புகார் கொடுத்துவிட்டான். "அவர்கள் தங்கியிருக்கும் இடத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டால் விஷயம் முடிந்துவிடும். இல்லையென்றால் இந்த வேஷம் உனக்கு இல்லை."

மீராசா அதைத் தமிழில் சொல்வதற்குள் மாயாண்டி இடது தோளின் வாரைக் கழற்றத் தொடங்கிவிட்டான். முதுகுப்பக்க வார் எட்டவில்லை. திரும்பி நின்றான், மீராசா கழற்றிவிட்டான். கவசத்தைத் துண்டு துண்டாக மேசைமேல் அடுக்கினான். பனியனும் கால்சட்டையுமாக நின்று, முடிந்தது என்பதை அரபியில், "கலாஸ் சார்" என்றான்.

மறுபடி கிடங்கு. மீராசாவையும் கூடத்திலிருந்து எடுத்துப் பாத்திரம் கழுவும் இடத்தில் போட்டார்கள்.

"என்னால உனக்கும் போச்சே பாய்."

"உன்னால ஒண்ணும் போகல. என் வாயாலதான் சொன்னேன். நல்லாத்தான் சொன்னேன்ல?" என்று மீராசா ஈரக்கையை அவன் தோளில் துடைத்தான்.

விஷயம் கடல் தாண்டி ஊருக்கும் போனது. மாயாண்டியின் மனைவி ஜோதிமணி போனில் பேசினாள்.

"மேலத்தெருவுல இருந்து ஆள் வந்துச்சு. நீ போன் போட்டு மன்னிப்புக் கேக்கணுமாம். இல்லாட்டி நம்ம ஆளுக ஒருத்தரும் அவுக தென்னந்தோப்பு வேலைக்கு வரக்கூடாதாம்."

மாயாண்டி சுவரில் சாய்ந்துகொண்டான். தோப்பு வேலையை நம்பி அங்கே பல குடும்பங்கள் இருந்தன.

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்ல? பொம்பளைக எல்லாம் கூடிப் பேசுனோம். தேங்கா பொறுக்க இனி வர்றதில்லனு நாங்களே சொல்லிவிட்டுட்டோம். மில்லு வேனு விலக்கு ரோடு வரைக்கும் வருதுல்ல, அதுல போய்க்கிறோம். விழுந்த தேங்கா அவுக தோப்புலயே கெடக்கு, அவுகளே பொறுக்கட்டும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீ கேட்டுகீட்டு வச்சிராத. கேட்டன்னா இந்தப் பக்கம் வராத" என்றாள்.

"கேக்கமாட்டேன்டி" என்றான். அவளுக்குக் கேட்கும்படி சத்தமாகவே சொன்னான்.

அவனுக்குப் பதிலாகப் பிரபு வேஷம் கட்டியவனைப் பற்றிக் கூடத்துப் பையன்களிடம் கேட்டுவந்து மீராசா கதை கதையாகச் சொன்னான். ஆள் குள்ளம். தொப்பி கண்ணை மறைத்து, அவன் எர்லை விட்டுவிட்டுத் தூணைத் தட்டிவிட்டான். முட்டி போட மறுக்கும் இடத்தில் கால் தடுக்கிப் போட்டே விட்டான். கூடமே சிரித்ததாம்.

ஒரு நாள் மதியம் கிரஹாமே கிடங்குக்கு வந்தார். மாயாண்டி வெங்காய மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நின்றான். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மீராசாவை அழைத்துவரச் சொன்னார்.

"அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து திரும்பி வரமுடியுமா என்று கேள்."

மாயாண்டி யோசிக்கவில்லை. "வர்றேன். ரெண்டு விஷயம். மீராசா பாய் கூடத்துக்குத் திரும்பி வரணும். பெரியவங்க யாருக்கும் நான் முட்டி போடமாட்டேன். ஷேக்கே வந்தாலும் சரி, எங்க ஊரு ஆளு வந்தாலும் சரி. பிள்ளைக கேட்டா போடுவேன். அது என் இஷ்டம்."

மீராசா மொழிபெயர்த்தான். கிரஹாம் தலையைச் சொறிந்தார். "விருந்தாளிகளுக்கு அதுதானே பிடித்திருக்கிறது. கொஞ்சம் தலையையாவது குனியலாமே?"

"மாஃபி" என்றான் மாயாண்டி. 'கிடையாது' என்ற அந்த அரபுச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

கிரஹாம், "வியாழக்கிழமை ஒத்திகைக்கு வா. இரண்டு பேரும் வாருங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

லாரியில் இன்னும் பாதி வெங்காயம் இருந்தது. மீராசா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு மூட்டையின் முனையைப் பிடித்தான். இருவருமாக இறக்கத் தொடங்கினார்கள்.