வலப்பக்கத்தில் ஒரு பதினைந்து

"இந்தக் கேள்வியை இதற்கு முன் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால் சொல்லுங்கள், வேறு தருகிறேன். அதில் ஒன்றும் குற்றமில்லை" என்றாள் திரையில் இருந்த பெண், கொழும்பிலிருந்து, ஆங்கிலத்தில். கோடிங் இன்டர்வியூ வைக்கிறவர்கள் வழக்கமாகக் கேட்பதுதான். விதுஷா கேள்வியை அப்போதுதான் வாசிக்கிறவள் போலக் கண்ணை மேலும் கீழும் ஓட்டினாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு வாய் கூசாமல் "இல்லை" என்றாள்.

வாசிக்க அதில் என்ன இருந்தது? ஒரு வாரமாக அந்தக் கேள்வி அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். எண்களால் ஆன ஒரு மரம் கொடுத்திருப்பார்கள். அது ஒழுங்கான பைனரி சேர்ச் ட்ரீதானா என்று கண்டுபிடிக்கிற புரோகிராமை எழுத வேண்டும். எந்த எண்ணை எடுத்தாலும் அதன் இடப்பக்கத்தில் இருப்பதெல்லாம் அதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும், வலப்பக்கத்தில் இருப்பதெல்லாம் பெரியதாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம். இதே பெண் இதே கேள்வியைப் போன வியாழக்கிழமை, கோர்ஸில் விதுஷாவோடு கூடப் படிக்கிற கூட்டாளி ஷஸ்னாவிடம் கேட்டிருந்தாள். ஷஸ்னாவால் முடியவில்லை.

அன்று பின்னேரமே ஷஸ்னா விதுஷாவுக்கு ஃபோன் எடுத்தாள். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது.

"நான் மேல ஈக்கிறதயும் அதுக்கு நேர கீழ ஈக்கிறதயும் மட்டும்தான் பாத்தேன்டி. உச்சில இருவது. அதுக்கு வலப்பக்கம் முப்பது. முப்பதுக்கு இடப்பக்கம் பதினஞ்சு. முப்பதவிடப் பதினஞ்சு சின்னம்தானே, சரின்டு வுட்டுட்டேன். உச்சில இருவது ஈக்கிற நெனப்பே வரல்ல. இருவதுக்கு வலப்பக்கத்துல எப்பிடிப் பதினஞ்சு வரும்?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டே சரியான வழியையும் அவளே சொன்னாள். மேலிருந்து இறங்கும்போது, இதற்குக் குறையக் கூடாது, இதைத் தாண்டவும் கூடாது என்று இரண்டு எல்லைகளைக் கூடவே கொண்டுபோக வேண்டும். ஒவ்வோர் எண்ணையும் ஒரே ஒரு தடவை தொட்டால் போதும், அதைவிட வேகமாகச் செய்ய வழியில்லை. "ஒனக்கும் இதையே கேட்டாங்கன்டா நீயாச்சும் ஒழுங்காச் செய்" என்றாள். சொல்லித் தா என்று விதுஷா கேட்கவில்லைதான். ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஃபோனைக் காதில் வைத்தபடியே எழுந்துபோய்ப் பேனா தேடினாள். அழுகிறவளுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றியதே ஃபோனை வைத்த பிறகுதான்.

இப்போது அவள் உட்கார்ந்திருந்தது ஷஸ்னாவின் அறையில், ஷஸ்னாவின் நாற்காலியில். விதுஷா இருக்கிற எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், விட்டுவிட்டு வருகிற சிக்னலில், வீடியோ இன்டர்வியூ கொடுப்பது நடக்கிற காரியமில்லை. "எங்கட வூட்டுல வந்து குடு, கேபிள் லைன் ஈக்கே" என்று ஷஸ்னாதான் மாத்தளைக்குக் கூப்பிட்டாள். காலையிலிருந்து அந்த வீடே விதுஷாவுக்காக மூச்சடக்கிக் கிடந்தது. ஷஸ்னாவின் உம்மா ஜுனைதா மிக்ஸியைத் தொடவில்லை. வாப்பா மஹ்ரூப் கடைக்குப் போகும்போது மோட்டார் சைக்கிளைச் சந்தி வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார். லைன் விழுந்தால் பார்த்துக்கொள்வதற்காக ஷஸ்னா கதவுக்கு வெளியே, ரவுட்டருக்குப் பக்கத்தில், ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

விதுஷா நடிக்கத் தொடங்கினாள். விடையை உடனே கொட்டிவிட்டால் மாட்டிக்கொள்வோம் என்பது எவருக்கும் தெரியும். முதலில் தடுமாற வேண்டும், யோசிப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஏதாவது பிழை செய்து பிறகு அதைத் தானே பிடிக்க வேண்டும். பிழைக்கு எங்கே போவது? கையோடு ஒன்று இருந்தது. ஷஸ்னா எழுதியதை அப்படியே எழுதினாள். மேலே உள்ளதையும் நேர் கீழே உள்ளதையும் மட்டும் ஒப்பிடுகிற அந்த அரைகுறை வேலையை, "இது போதும் என்று நினைக்கிறேன்" என்று சத்தமாகச் சொல்லியே எழுதினாள். சற்று நிறுத்தி நெற்றியைத் தேய்த்தாள். "ஒரு நிமிடம்" என்றாள். இருபதைப் போட்டாள், முப்பதைப் போட்டாள், பதினைந்தைப் போட்டாள். "ஐயோ, இது பிழை! பதினைந்து இங்கே இருக்கக் கூடாது!" என்றபோது அந்த ஆச்சரியம் அவளுக்கே உண்மைபோல் இருந்தது. எண்களைக்கூட மாற்றவில்லை, பாவி.

எல்லைகள் இரண்டையும் சேர்த்து எழுதி முடித்ததும் திரையில் இருந்தவள் முகம் மலர்ந்தது. "அழகு. இந்த இடத்தைப் பலர் கவனிப்பதே இல்லை" என்றாள். பிறகு ஏதோ குறிப்பைப் பார்த்துக்கொண்டு, "மாத்தளையிலிருந்து இன்னொரு பெண்ணும் வந்திருந்தார். உங்கள் கோர்ஸ்தான் என்று நினைக்கிறேன். ஷஸ்னா. அவரும் இதே இடத்தில்தான் நின்றுபோனார். உங்களுக்குத் தெரியுமா அவரை?" என்று கேட்டாள்.

சும்மா பேச்சுக்குக் கேட்டாளா, சந்தேகப்பட்டுக் கேட்டாளா என்று விதுஷாவுக்கு விளங்கவில்லை. தெரியும் என்றால் அடுத்த கேள்வி என்ன வரும்? இந்த வேலை கிடைத்தால் அம்மாவைக் கொழுந்து பறிக்கப் போகாமல் நிறுத்திவிடலாம் என்று மாதக்கணக்காக நினைத்திருந்தது ஒரு நொடியில் கண்ணுக்குள் வந்துபோனது.

"இல்லை, தெரியாது" என்றாள். அது போதாதென்று, "பெயர் கேள்விப்பட்டிருக்கிறேன். பழக்கமில்லை" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அப்போதுதான் வீட்டின் அமைதி அவள் காதில் விழுந்தது. கதவுக்கு அடியில் தெரிந்த ஷஸ்னாவின் நிழல் அசையாமல் இருந்தது. திரையில் இருந்தவள் அடுத்த சுற்று புதன்கிழமை என்றாள், வாழ்த்தும் சொன்னாள். விதுஷா நன்றி சொன்னாள். லேப்டாப்பை மூடிய பிறகும் எழுந்திருக்காமல், தண்ணீர் குடிக்கிற சாக்கில் உட்கார்ந்திருந்தாள். போத்தலில் தண்ணீர் தீர்ந்துபோனது. கதவைத் திறந்துதானே ஆக வேண்டும்.

வெளியே ஸ்டூல் மட்டும் இருந்தது. ஷஸ்னா குசினியில் சாப்பாட்டுக்குப் பீங்கான் அடுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். எப்போதும்போல் இருந்த சிரிப்புத்தான்.

"வாங்க மகள், மொதல்ல தின்னுங்க" என்று ஜுனைதா சோற்றைப் போட்டார். கோழிக்கறியில் ஈரல் துண்டைத் தேடி விதுஷாவின் பீங்கானில் வைத்தார். "லேசா ஈந்திச்சா? எங்கட புள்ளக்கிக் கேட்டதையேதான் கேட்டாங்களா?"

விதுஷாவின் கை சோற்றிலேயே நின்றது. ஷஸ்னாவைப் பார்த்தாள். ஷஸ்னா தலையை நிமிர்த்தவில்லை.

"இல்ல உம்மா. இவளுக்கு வேற கேள்வி" என்றாள்.

"அல்ஹம்துலில்லாஹ். அதான் நல்லாச் செஞ்சிருக்கிய" என்று ஜுனைதா இன்னொரு கரண்டி கறி ஊற்றினார். திட்டியிருந்தால் விதுஷா தாங்கியிருப்பாள். பீங்கானை வீசியிருந்தாலும் தாங்கியிருப்பாள். தன் உம்மாவிடமே விதுஷாவுக்காகப் பொய் சொல்லிவிட்டு ஷஸ்னா எலும்பைக் கடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கத்தான் முடியவில்லை. ஒவ்வொரு வாயாகக் கஷ்டப்பட்டு விழுங்கினாள். வெட்கத்தில் காது மடல் இரண்டும் எரிந்தன.

பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கூட வந்து ஏற்றிவிடுவது ஷஸ்னாவின் பழக்கம். இன்றைக்கு வரமாட்டாள் என்றுதான் விதுஷா நினைத்தாள். ஆனால் வந்தாள். வழக்கமாகத் தெருவை அடைத்துக்கொண்டு வாய் ஓயாமல் போகிற இருவரும் ஒருவர் பின்னால் ஒருவராக, கடைகளின் ஓரமாக நடந்தார்கள். விதுஷா மனதுக்குள் ஒரு வசனத்தைக் கட்டிக் கட்டிப் பார்த்தாள். அந்த நேரத்தில் வேறு வழியில்லாமப் போச்சு ஷஸ்னா. அதுவே கேட்க அசிங்கமாக இருந்தது. வேறு வழியா இல்லை? முதல் கேள்விக்கே, பார்த்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தால் வேறொரு கேள்வி தந்திருப்பாளே.

"ஷஸ்னா" என்றாள் ஒருவழியாக.

"பஸ் நிக்குது, பாரு" என்றாள் ஷஸ்னா.

எல்கடுவை பஸ் இல்லை அது, இறத்தோட்டை பஸ். அது புறப்பட்டுப் போனது. வரிசையில் அவர்களுக்கு முன்னால் சந்தைப் பைகளோடு நின்ற பெண் திரும்பினாள். விதுஷாவின் லயத்தில் கடைசிக் காம்பிரா வீட்டில் குடியிருக்கிற சந்திரகாந்தா அக்கா.

"என்னா பாப்பா, டவுனுக்கு வந்தியா? என்னமோ இன்டர்வியூன்னு ஒங்கம்மா சொன்னாங்களே" என்றவள் ஷஸ்னாவைப் பார்த்துச் சிரித்தாள். "இது யாரு, ஒன் கூட்டாளியா?"

இந்தத் தடவை கேள்வியில் ஒரு நட்டமும் இல்லை. ஆமா என்று ஒரு சொல் சொன்னால் போதும். விதுஷா வாயைத் திறந்தாள். ஷஸ்னா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாப்பிட உட்கார்ந்ததிலிருந்து முதல் முறையாக நேருக்கு நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் அந்தச் சொல் வெளியே வர மாட்டேன் என்றது. கூட்டாளி என்று எந்த முகத்தோடு சொல்வது?

"இல்ல அக்கா" என்றாள் ஷஸ்னா, சாதாரணமாக. "நானும் பஸ்ஸுக்குத்தான் நிக்கிறேன்."

எல்கடுவை பஸ் வந்தது. சந்திரகாந்தா அக்கா பைகளைத் தூக்கிக்கொண்டு முண்டியடித்து ஏறி, விதுஷாவுக்கும் சேர்த்து இடம் பிடித்து, "ஏறு பாப்பா, ஏறு" என்று கத்தினாள். விதுஷா ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து குனிந்து பார்த்தபோது, பஸ் ஏறிப் போக எந்த ஊரும் இல்லாத ஷஸ்னா அந்த வரிசையிலேயே நின்றிருந்தாள். முன்னால் நின்றவர் ஓரடி நகர்ந்தார். அவளும் ஓரடி நகர்ந்து நின்றாள்.