முதல் கோப்பை

அந்தக் கோடையில் ஐரோப்பாவின் பழைய ஒயின் ஊர்கள் எங்களைப் பார்க்க வந்தன. எங்கள் பேருந்து ஆற்றங்கரையில் ஒரே இடத்தில் நின்றது. ஊர்கள் ஒவ்வொன்றாக வந்து, நின்று, பார்த்துவிட்டுப் போயின. சுற்றுலா இப்படித்தான் நடக்கும் என்று வழிகாட்டி பெர்க்மான்ஸ் திருச்சியிலேயே சொல்லியிருந்தார். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

என் ஆட்சேபம் வேறு. ஒவ்வொரு ஊரும் முதலில் என் சம்பந்தியின் ஜன்னலில் போய் நின்றது.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊரில், எங்கள் வீட்டு ஆள் வடத்தைத் தொடாமல் தேர் நகராது. முதல் மரியாதையாகத் தலையில் கட்டும் பரிவட்டம் எங்கள் தலைக்குத்தான். என் தாத்தா காலத்தில் பூசாரி ஒருவர் அவசரத்தில் அதை வேறு தலைக்குக் கட்டிவிட்டார். தாத்தா தேருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மழைக்காலம் வந்தது. சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்தது. ஆடுகள் வந்து மேய்ந்தன. தாத்தா எழுந்திருக்கவில்லை.

சம்பந்தி குழந்தைவேலு மதுரையில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். என் மகள் பூங்கோதையை அவருடைய மகனுக்குக் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் மகள், அவளுடைய மாமனார், நான், என் மனைவி என்று புறப்பட்டோம். என் மனைவி ஏறியதுமே தூங்கிவிட்டாள். ஊர் திரும்பும்போது எழுப்பினால் போதும் என்றாள்.

சம்பந்தி வீட்டுக்கு எந்தத் தேரும் கிடையாது.

முதல் ஊர் காலையில் வந்தது. மரச்சட்டம் போட்ட வீடுகள். செங்குத்தான ஓட்டுக் கூரைகள். ஜன்னல்தோறும் சிவப்புப் பூக்கள் வைத்த தொட்டிகள். கல் பாவிய தெருவைச் சுருட்டிக்கொண்டு மெல்ல வந்தது. திராட்சைத் தோட்டங்கள் போட்ட மலை பின்னாலேயே இழுபட்டு வந்தது. சம்பந்தியின் ஜன்னலில் நின்று மணி அடித்தது. ஊர்த்தலைவி கழுத்துச் சங்கிலியோடு இறங்கிவந்து அவரிடம் ஒரு கோப்பை ஒயினை நீட்டினாள். சம்பந்தி வாங்கிக் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு அந்த ஊர் ஜன்னல் ஜன்னலாக நகர்ந்தது. கடைசி இருக்கையில் இருந்த என்னிடம் வந்தபோது களைத்திருந்தது. நீரூற்று வற்றியிருந்தது. என்னை அரைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

இது என்ன நியாயம் என்று பெர்க்மான்ஸிடம் கேட்டேன். அவர் மஞ்சள் குடையை மடக்கிக்கொண்டே பதில் சொன்னார்.

“அவர் முன் சீட்டுங்கய்யா. நீங்க கடைசி சீட்டு. ஊருக்கு அவ்வளவுதான் தெரியும்.”

நான் முன்னால் போக எழுந்தேன். நடக்க நடக்கப் பேருந்தின் நடைபாதை நீண்டது. எனக்குத் தெரியாத இருக்கை வரிசைகள் வந்தன. ஒரு வரிசையில் திராட்சைக் கொடி ஏறியிருந்தது. இன்னொரு வரிசையில் பேண்டு வாத்தியக்காரர்கள் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நகருங்கள் என்றேன். தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். நான் முன்னால் போய்ச் சேர்ந்தபோது அடுத்த ஊரும் வந்து போய்விட்டிருந்தது.

சம்பந்தியின் தோளில் ஒரு பூத்தொட்டி முளைத்திருந்தது. அவர் பாட்டில் தண்ணீரை அதற்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

“பூத்திருக்கு, பாத்தீங்களா சம்பந்தி.”

“பாத்தேன்.”

“ஊரே வந்து மரியாதை பண்ணுது. வேணாம்னா சொல்ல முடியும்?”

“யாருக்கு மொதல்ல பண்ணணும்னு ஒரு முறை இருக்கு.”

“முறைன்னு பாத்தா நாங்க மாப்பிள்ளை வீடு,” என்றார் சம்பந்தி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

கல்யாண மண்டபத்தில் அது சரி. அங்கே நானே வாசலில் நின்று அவருக்குச் சந்தனம் கொடுத்திருக்கிறேன். இது மண்டபம் இல்லை. ஒரு ஊர் முழுக்க மணி அடித்துக்கொண்டு உருண்டு வருகிறது. அப்படி உருண்டு வருவதற்குப் பெயர் தேர். தேருக்கு முன்னால் மாப்பிள்ளை வீடு, பெண் வீடு என்று எதுவும் இல்லை. எங்கள் வீடு மட்டும்தான் உண்டு.

இதை அடுத்த ஊருக்குத் தெரிவிக்கச் சொன்னேன். பெர்க்மான்ஸ் ஆற்றோரம் போய், வாயைச் சுற்றிக் கையைக் குவித்து, அவர்கள் மொழியில் கத்தினார். தேர், வடம், தாத்தா, நாற்காலி எல்லாவற்றையும் சொன்னார். ஆடுகளையும் விடவில்லை. மலைக்குப் பின்னாலிருந்து நீளமாக ஒரு மணி அடித்தது.

“சரின்னுட்டாங்கய்யா,” என்றார்.

நான் கடைசி இருக்கைக்குத் திரும்பினேன். திரும்புவதற்கு இரண்டு எட்டுதான் ஆயிற்று.

அந்த ஊர் மற்ற ஊர்களைவிடப் பெரியது. கோட்டைச் சுவர் இருந்தது. புகைபோக்கிகளில் நாரைகள் கூடு கட்டியிருந்தன. சம்பந்தியின் ஜன்னலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அது நேராக என்னிடம் வந்தது. நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு இறங்கினேன். எல்லோரும் பின்னால் இறங்கினார்கள். என் மனைவி மட்டும் தூங்கினாள்.

ஊர்த்தலைவி ஒரு கையில் மடித்த வெள்ளைத் துணியும் ஒரு கையில் கோப்பையும் வைத்திருந்தாள். நான் துணிக்காகத் தலையை நிமிர்த்தினேன். அவள் கோப்பையை என் கையில் வைத்தாள்.

“மொதக் கோப்பையக் குடிச்ச தலைக்குத்தான் துணி கட்டுவாங்கய்யா,” என்றார் பெர்க்மான்ஸ். “குடிக்கிற வரைக்கும் ஊரு நகராது. பழம் பறிக்க மாட்டாங்க. நம்ம வடம் மாதிரிதான்.”

“இத ஏன் முன்னாடியே சொல்லல?”

“நீங்க மரியாதையப் பத்தித்தானங்கய்யா கேட்டீங்க.”

எங்கள் வீட்டில் யாரும் குடித்ததில்லை. குடித்தவன் வடத்தைத் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டுக் கட்டு. குடித்தால் ஊரில் இருக்கும் மரியாதை போகும். கோப்பையை அடுத்தவரிடம் கொடுத்தால் இங்கே கிடைத்த மரியாதை போகும். அடுத்தவர் என்றால் பக்கத்திலேயே தோளில் பூத்தொட்டியோடு நின்றவர்தான்.

கீழே ஊற்றிவிடுகிறேன் என்றேன். ஊர்த்தலைவி மறுத்தாள். ஊற்றினால் தரை குடித்ததாகிவிடும், தரைக்குத்தான் துணி கட்ட வேண்டிவரும் என்று பெர்க்மான்ஸ் விளக்கினார். என் வீட்டுக்கு வந்த மரியாதையை ஒரு தரைக்குக் கொடுக்க நான் இவ்வளவு தூரம் வரவில்லை.

கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊரும் நின்றது.

பின்னால் அடுத்த ஊர் வந்து சேர்ந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஆற்றங்கரை நெடுக ஊர்கள் வரிசையில் நின்று பொறுமையில்லாமல் மணி அடித்தன. அடிக்கட்டும். நான் அவற்றை அழைக்கவில்லை.

பூங்கோதை அருகில் வந்தாள்.

“அப்பா, ஒதட்டுல மட்டும் வச்சுட்டுக் குடுத்துருங்க.”

“வச்சாலும் குடிச்சதுதான்.”

“அப்ப மாமாகிட்ட குடுங்க. அவரு குடிச்சுக்கிருவாரு.”

“குடுத்தா அவரு மொத ஆளு.”

அவள் கோப்பையைப் பார்த்தாள். பிறகு மாமனாரைப் பார்த்தாள்.

“நான் அந்த வீட்டுலதாம்ப்பா இருக்கணும்,” என்றாள்.

இதைச் சொல்லச் சொல்லி அவளை அனுப்பியது யார் என்று சம்பந்தியை முறைத்தேன். அவர் பாதி வீடாகியிருந்தார். மார்பில் மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. தலையில் ஓடு வேய்ந்திருந்தது. முகம் மாடி ஜன்னலில் இருந்தது.

“கோவிச்சுக்காதீங்க சம்பந்தி,” என்று மேலிருந்து சொன்னார். “எனக்கு அந்தத் துணி வேணாம். எனக்குத் தலையே இல்ல, பாருங்க.”

வேண்டாம் என்று சொல்வது, வாங்கிக் கட்டிக்கொள்வதைவிடப் பெரிய திமிர். என் வீடு உயிரைக் கொடுத்துக் காக்கும் ஒன்றை இவர் வேண்டாம் என்கிறார். கோப்பையை இன்னும் நேராகப் பிடித்துக்கொண்டேன்.

மலையில் திராட்சை பழுத்தது. பழுத்து வெடித்தது. குளவிகள் வந்தன. கூடை வைத்திருந்தவர்கள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இலைகள் சிவந்து உதிர்ந்தன. பேண்டு வாத்தியக்காரர்கள் வாத்தியங்களைப் போர்த்திவைத்தார்கள். என் மனைவி ஒரு முறை விழித்து, வந்துவிட்டோமா என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள். இல்லை என்றேன். திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பனி விழ ஆரம்பித்தது. சம்பந்தி முழு வீடாகிவிட்டார். வயிறு இருந்த இடத்தில் ஒரு கதவு வந்தது. உள்ளே அடுப்பு எரிந்தது. யாரோ ரசம் தாளித்தார்கள். பெர்க்மான்ஸ் முதலில் உள்ளே போனார். பிறகு ஊர்த்தலைவி போனாள். பூங்கோதை வாசற்படியில் நின்றாள். அவள் தலைமுடியில் பனி இருந்தது. தட்டிவிட்ட பிறகும் அது வெள்ளையாகவே இருந்தது.

“உள்ள வாங்கப்பா. குளிருது.”

வாசல் நிலை மிகவும் தாழ்வாக இருந்தது. சம்பந்தி உயரமானவர் இல்லை. குனியாமல் உள்ளே போக முடியாது.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவள் உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. ஒரு விரல் அளவுக்குத் திறந்து வைத்திருந்தாள்.

புகைபோக்கியிலிருந்து ஒரு நாரை இறங்கி வந்து என் தலையில் சுள்ளி அடுக்கியது. நான் அசையவில்லை. தலையை அசைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. கூடு முடிந்ததும் ஊர்த்தலைவி வெளியே வந்து என்னைச் சுற்றிப் பார்த்தாள். துணி கட்ட இடம் இல்லை. அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கதவிடுக்கிலிருந்து பூங்கோதையின் குரல் வந்தது.

“கை வலிக்குதாப்பா?”

இல்லை என்றேன்.

கோப்பை நிறைந்திருந்தது. ஒரு சொட்டும் சிந்தவில்லை.